முப்பது இஞ்ச் பேண்ட்

— சத்தமாப் படிங்க சிஸ்டர். அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடிக்கிட்டு இருக்கு. முதலாளியம்மா காதுல விழணும்.

— அண்ணே, இது உங்க உடம்பு ரிப்போர்ட். கொஞ்சம் வெளிய வாங்க, தனியாச் சொல்லிடுறேன்.

— தனியாச் சொல்ல இது என்ன காதல் கடிதமா? இருக்கிறதே பத்தடிக் கடை. நடுவுல ஒரு பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் நான் செல்போனைப் பிரிச்சேன்னா அந்தப் பக்கம் என் பொண்டாட்டி தும்முவா. பதினாறு வருஷமா எங்களுக்குள்ள ரகசியமே கிடையாது. படிங்க. உயரம்?

— நூத்தி எழுபது சென்டிமீட்டர்.

— எடை?

— அறுபத்தஞ்சு கிலோ.

— இருங்க, கால்குலேட்டர் எடுக்கிறேன். எடையை உயரத்தால வகுக்கணும், உயரம் மீட்டர்ல இருக்கணும். வந்ததை மறுபடி அதே உயரத்தால வகுக்கணும். மருத்துவ முகாம்ல சொல்லிக் கொடுத்தீங்கல்ல, அன்னைக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. அறுபத்தஞ்சு... ஒன்னு புள்ளி ஏழு... இன்னொரு தடவை ஒன்னு புள்ளி ஏழு... இருபத்திரெண்டரை. ஏய், கேட்டுச்சா?

— மிஷினை நிறுத்திட்டேங்க. கேட்டுச்சு. மார்க்கெட்டுக்கே கேட்டிருக்கும்.

— பி.எம்.ஐ. இருபத்திரெண்டரை. பதினெட்டரையில இருந்து இருபத்தஞ்சு வரைக்கும் நார்மல்.

— நம்ம உடல்வாகுக்கு இருபத்து மூணைத் தாண்டும்போதே கவனமா இருக்கணும்ணே. எங்க டாக்டர் அப்படித்தான் சொல்வார்.

— சொல்லட்டும். அதுக்கும் அரைப் புள்ளி கீழதானே நிக்கிறேன்? கணக்குன்னா கணக்கு. இப்ப இவளோடதைப் போடுறேன் பாருங்க.

— என்னோடதை யாருங்க கேட்டா?

— நூத்தி அம்பத்தஞ்சு சென்டிமீட்டர். அறுபத்தேழு கிலோ. வகுத்து... மறுபடி வகுத்து... கிட்டத்தட்ட இருபத்தெட்டு. சிஸ்டர், கால்குலேட்டரே சூடாயிடுச்சு.

— அன்னைக்கு என் இடுப்புப் பையில கத்தரி, சாவிக்கொத்து, பட்டன் டப்பா எல்லாம் இருந்துச்சு. இறக்கி வைக்காம எடை மிஷின்ல ஏறிட்டேன்.

— கத்தரி எத்தனை கிலோ? இல்ல தையல் மிஷினையும் மடியில கட்டிக்கிட்டு ஏறினியா?

— ரொம்பப் பேசாதீங்க. உயரம் அளக்கும்போது நீங்க குதிகாலைத் தூக்கினது எனக்குத் தெரியாதா? பாவம், அந்தப் பொண்ணு ரெண்டு தடவை தோளைப் பிடிச்சு அமுக்குச்சு.

— அந்தப் பொண்ணு நான்தான்க்கா.

— நீயாம்மா? முகத்தை மூடி மாஸ்க் போட்டிருந்தியா, அடையாளமே தெரியல.

— அமுக்கித்தான் அளந்தேன். நூத்தி எழுபது சரியான அளவு. அண்ணே, நான் யூனிஃபார்ம் வாங்க வந்தேன், அப்படியே இதையும் சொல்லிட்டுப் போகச் சொன்னார் டாக்டர். ரிப்போர்ட்ல இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கு.

— என்ன, பரிசு கிரிசு கொடுக்கிறாங்களா?

— சர்க்கரை. விரல்ல குத்தி எடுத்தோம்ல. எரநூத்தி முப்பத்தெட்டு.

— யாருக்கு?

— உங்களுக்குத்தான்ணே.

— மாத்தி எழுதியிருப்பீங்க. நான் முன்னாடி நின்னேன், இவ பின்னாடி நின்னா. அவளோடது என் பேர்ல ஏறியிருக்கும்.

— ஏறலண்ணே. அக்காவோடது நூத்தி ரெண்டு. பிரஷரும் நல்லா இருக்கு.

— இது எந்த ஊர் நியாயம்? இருபத்தெட்டுல இருக்கிறவளுக்கு நூத்தி ரெண்டு. இருபத்திரெண்டுல இருக்கிறவனுக்கு எரநூத்தி முப்பத்தெட்டா? அப்ப இந்தக் கணக்கெல்லாம் எதுக்கு, கழுதைக்குப் போடவா?

— கணக்கு தப்பில்லண்ணே. நீங்கதான் அதுகிட்ட அதிகமாக் கேக்குறீங்க. அது வாசல்ல நிக்கிற வாட்ச்மேன் மாதிரி. யாரை நிறுத்தி விசாரிக்கணும்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும். உள்ள போறவர் பையில என்ன இருக்குன்னு தெரியாது. போன வாரம் மார்க்கெட்ல மூட்டை தூக்குற ஒருத்தர் வந்தார். பி.எம்.ஐ. இருபத்தொன்பது. தொட்டுப் பார்த்தா கருங்கல்லு. அவ்வளவும் சதை. இடுப்பு ஒட்டிப்போய் இருக்கு. சிலர் கையும் காலும் குச்சியா இருப்பாங்க, கொழுப்பு எல்லாம் வயித்துக்குள்ள போய்ச் சேர்ந்திருக்கும். தராசுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

— குச்சின்னு என்னைத்தானே சொல்றீங்க?

— பொதுவாச் சொன்னேன். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் இந்த ஸ்டூல்ல உக்காருவீங்க?

— காலையில ஒன்பது மணிக்கு உக்கார்ந்தா கடை சாத்துற வரைக்கும்.

— எழுந்திருக்கிறதே டீ வாங்கத்தாம்மா. அதுவும் இப்ப டீக்கடைப் பையனைக் கையைத் தட்டிக் கூப்பிடப் பழகிட்டார். இவர் தூக்குற பெரிய பாரம் அந்தச் சின்ன ஸ்க்ரூ டிரைவர்தான்.

— நீ மட்டும் என்ன மலையா ஏறுற?

— என் மிஷின் மோட்டார் மிஷின் இல்லங்க, மிதிக்கிற மிஷின். நான் மிதிச்ச மிதிக்கு இந்நேரம் சைக்கிளா இருந்தா உலகத்தையே ரெண்டு சுத்து சுத்தியிருப்பேன்.

— அக்கா, உங்களையும் நான் விட்டுடல. முட்டிவலின்னு சொன்னீங்கல்ல? அதுக்கு அந்த இருபத்தெட்டும் ஒரு காரணம். நாலஞ்சு கிலோ குறைஞ்சா முட்டியே நன்றி சொல்லும். வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தமும் பார்க்கணும்.

— சரிம்மா. எனக்குச் சொன்னா நான் கேட்டுக்குவேன். கேக்காத ஜென்மத்துக்கு முதல்ல சொல்லு.

— அண்ணே, ஒரு டெஸ்ட் எடுக்கணும். மூணு மாசச் சர்க்கரையோட சராசரி அதுல தெரிஞ்சிடும். வெறும் வயித்தோட வரணும்னுகூட இல்ல. இன்னைக்கு ஒரு மணி வரைக்கும் டாக்டர் இருக்கார். தள்ளிப்போட வேண்டாம், கையோடு கூட்டிட்டு வான்னு சொல்லி அனுப்பினார். தாகம் அதிகமா இருக்கா? அடிக்கடி ஒண்ணுக்குப் போறீங்களா? கண்ணு மங்குதா?

— ஒண்ணும் இல்ல. ஒரு நோயும் இல்லாதவன் எதுக்கு ஆஸ்பத்திரிப் படி ஏறணும்? உங்க தராசு, உங்க ஊசி எல்லாத்தையும் ஒரு ஓரமா வையுங்க. என்கிட்ட அசைக்க முடியாத சாட்சி ஒண்ணு இருக்கு.

— என்ன சாட்சி?

— என் கல்யாண பேண்ட். இவ கையால தைச்சது. உள்பட்டியில முப்பதுன்னு நம்பர் எழுதி வச்சிருக்கா. வருஷா வருஷம் கல்யாண நாளன்னிக்கு அதைப் போட்டுக்கிட்டுத்தான் நான் வெளிய கிளம்புவேன். பதினாறு வருஷமா பட்டன் சிரிச்சுக்கிட்டே ஏறுது. அதைப் பார்த்துப் பார்த்து வயித்தெரிச்சல்லயே என் மச்சான் நாலு கிலோ இளைச்சுட்டான்.

— நிஜமாவாக்கா? முப்பதேதானா?

— நான் எதுவும் சொல்லல. மிஷினுக்கு எண்ணெய் போட்டுக்கிட்டு இருக்கேன்.

— அப்ப ஒண்ணு பண்ணலாம். டேப் இங்கேயே இருக்கு. அண்ணன் எழுந்து நிக்கட்டும், நீங்க தொப்புள்கிட்ட வச்சு அளங்க. உயரத்துல பாதிக்குள்ள இடுப்பு அடங்கணும். இவருக்கு முப்பத்து மூணரை இஞ்சுக்குள்ள இருந்தா நான் வாயை மூடிக்கிட்டுப் போயிடுறேன்.

— நான் எழுந்திருக்க மாட்டேன். மடியில டிஸ்ப்ளே இருக்கு, கீழ விழுந்து உடைஞ்சா யார் பொறுப்பு?

— நானும் அளக்க மாட்டேம்மா. கடைக்குள்ள யாரோட இடுப்பளவையும் நான் சத்தமாச் சொன்னது கிடையாது. டேப்பைப் பார்ப்பேன், நோட்டுல எழுதுவேன், நோட்டை மூடிடுவேன். கேட்டா, 'போன தடவை மாதிரியேதான் இருக்கீங்க'ன்னு சொல்வேன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பாதிப் பேர் என்னைத் தேடி வர்றாங்க.

— என்கிட்டயும் அப்படித்தான் சொன்னீங்க.

— உனக்கு நிஜம்மா.

— அக்கா.

— ஒரு இஞ்ச் கூடியிருக்கு. பக்கத்துல பிரிச்சு விட்டிருக்கேன். உனக்கே தெரியாது.

— பாருங்களேன். நாளைக்குக் காலையில யூனிஃபார்ம் சரியா இருக்குன்னு சந்தோஷப்பட்டிருப்பேன். சரிண்ணே, நான் கிளம்புறேன். மணி பன்னெண்டே கால் ஆச்சு. ஆரம்பத்துலயே பிடிச்சா இதைக் கட்டுக்குள்ள வச்சிடலாம். நடை, சாப்பாடு, தேவைன்னா மாத்திரை, அவ்வளவுதான். விட்டாத்தான் அது நம்மளைப் பிடிக்கும். அக்கா, நீங்களாவது கூட்டிட்டு வாங்க.

— பார்க்கிறேம்மா. போயிட்டு வா.

— நல்ல பொண்ணுதான். ஆனா வாய் கொஞ்சம் நீளம்.

— ஏங்க, சட்டையை மாத்துங்க, கிளம்பலாம்.

— எங்க?

— சந்திர மண்டலத்துக்கு. எங்கன்னு கேக்குறீங்களே. கிட்டத்துலதானே ஆஸ்பத்திரி.

— நான் வரல. விரல்ல குத்தின அன்னைக்கு முகாமுக்குப் போற வழியில ரெண்டு பன் சாப்பிட்டேன். அந்தச் சர்க்கரை ஏறியிருக்கும்.

— நல்லா இருக்கிற உடம்புக்கு ரெண்டு பன்னு இவ்வளவு ஏத்தாதுங்க.

— நீ எப்ப டாக்டருக்குப் படிச்ச? கணக்குன்னா கணக்கு. இருபத்திரெண்டரை.

— சரி, உங்க தொழில்லயே ஒண்ணு கேக்குறேன். ஒரு போன்ல பேட்டரி உப்பிடுச்சு. அந்தப் போனைத் தராசுல வச்சா எடை ஏறியிருக்குமா?

— ஏறாது. எப்பவும் இருக்கிற எடைதான் இருக்கும்.

— அப்ப நல்ல போன்னு சொல்லிக் கொடுத்து அனுப்பிடுவீங்களா?

— அதெப்படி? உள்ள வாயு சேர்ந்திருக்கு, பின் மூடி தூக்கிக்கிட்டு நிக்கும். அதைத் தடவிப் பார்த்தாலே தெரியும். உடனே கழட்டணும், இல்லன்னா ஆபத்து.

— நான் அதைத்தாங்க சொல்றேன். உங்களுக்குப் பின் மூடி இல்ல, முன் மூடி.

— என் மூடி முப்பது இஞ்ச். பேண்ட் சொல்லுது.

— அந்தப் பேண்ட்டைப் பத்தித்தான் பேசணும்.

— என்ன?

— அந்த ஸ்டூலை இப்படிப் போட்டு உக்காருங்க. மடியில இருக்கிறதைக் கீழ வையுங்க. உடைஞ்சா நீங்கதான் பொறுப்பு.

— வச்சுட்டேன். என்னடி, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?

— அது முப்பது இல்லங்க.

— நம்பர் எழுதியிருக்கே.

— நம்பர் அப்படியேதான் இருக்கு. பேண்ட்தான் வளர்ந்துடுச்சு. பின்னாடி நடுத்தையல்ல ரெண்டு இஞ்ச் துணி விட்டுத்தான் தைச்சேன். முதல் மூணு நாலு வருஷம் அது தாங்குச்சு. அப்புறம் ரெண்டு பக்கத் தையலையும் பிரிச்சேன். அதுவும் தீர்ந்தப்ப, கால் மடிப்புல இருந்து துணி வெட்டி இடுப்புப் பட்டியில ஒட்டுப் போட்டேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி அதே கலர்ல துணி தேடி நாலு கடை ஏறி இறங்கினேன். இன்னைய தேதிக்கு அது முப்பத்தெட்டு.

— சும்மா சொல்ற. என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்புறதுக்காக.

— காலையில இருந்து நான் எதைத் தைச்சுக்கிட்டு இருக்கேன்னு நினைச்சீங்க? வர்ற வியாழக்கிழமை நம்ம கல்யாண நாள். எட்டிப் பாருங்க. தடுப்புக்கு இந்தப் பக்கம். ஊசி இன்னும் அதுலதான் நிக்குது.

— அட, ஆமா.

— இந்த வருஷம் இன்னொரு இஞ்ச்.

— பேண்ட்டே கிடையாது இது. பாதிக்கு மேல ஒட்டுத்துணி. என் மச்சானுக்கு மட்டும் இது தெரிஞ்சா...

— அவன்தான் கடைசியா துணி வாங்கிக் கொடுத்தான்.

— அவனுக்கும் தெரியுமா? போன வருஷம் என் தோளைத் தட்டி, 'மாமா, உங்க உடம்பு ரகசியத்தை எனக்கும் சொல்லுங்க'ன்னு கேட்டானே படுபாவி.

— நான்தான் அப்படிக் கேக்கச் சொன்னேன்.

— ஏண்டி இப்படிப் பண்ண?

— முதல் கல்யாண நாளன்னிக்கு அதை எடுத்துப் போட்டீங்க. பட்டன் ஏறல. முகம் சுண்டிப்போச்சு. எனக்குத் தாங்கல. நீங்க குளிக்கப் போன நேரத்துல ஒரு நூல் பிரிச்சு விட்டேன். வந்து போட்டீங்க, ஏறிடுச்சு. 'பார்த்தியா, சாப்பிட்ட உடனே போட்டதால வந்த கோளாறு'ன்னு சொல்லிச் சிரிச்சீங்க. அந்தச் சிரிப்பு எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சுங்க. வருஷத்துக்கு ஒரு நாள் அதைப் பார்க்கணும்னு தோணுச்சு. அதான் பிரிச்சுக்கிட்டே வந்தேன்.

— சரி, அழாத.

— அழல. எண்ணெய் கண்ணுல பட்டுடுச்சு.

— எண்ணெய்ப் புட்டி அந்த மூலையில இருக்கு.

— எனக்குப் பயமா இருக்குங்க. ஊருக்கெல்லாம் 'அப்படியே இருக்கீங்க'ன்னு சொல்லலாம். கட்டினவருக்குச் சொல்லலாமா? அன்னைக்கே 'உங்களுக்கு வயிறு போடுதுங்க, கொஞ்சம் நடங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னைக்கு எரநூத்தி முப்பத்தெட்டு வந்திருக்குமா? என் தையல்தாங்க உங்களை ஏமாத்திடுச்சு.

— பைத்தியம். தையல் போட்டா சர்க்கரை ஏறும்னு எந்த டாக்டர் சொன்னான்? பன்னு தின்னது நான். உக்கார்ந்தது நான். நீ பாட்டுக்கு மிதிச்சுக்கிட்டு இருந்த.

— அப்ப வாங்க. மணி பன்னெண்டரை. எட்டு நிமிஷ நடை.

— திங்கக்கிழமை போலாமே.

— திங்கக்கிழமை உங்களுக்கு நான் அடுத்த பொய் ஒண்ணு தைச்சுக்கிட்டு இருப்பேன். வேண்டாங்க. இன்னைக்கே போகணும். நீங்க வரலைன்னா அந்தப் பேண்ட்டை முப்பதுக்கே பிடிச்சுத் தைச்சுடுவேன். வியாழக்கிழமை அது முழங்காலோட நிக்க வேண்டியதுதான். உங்க மச்சானை போட்டோ எடுக்கச் சொல்றேன்.

— செய்வ நீ.

— செய்வேன்.

— டெஸ்ட்ல இருக்குன்னு வந்துட்டா?

— இருந்தா இருக்கட்டும். ரெண்டு பேரும் சேர்ந்து காலையில நடப்போம். என் முட்டிக்கும் ஆச்சு, உங்க மூடிக்கும் ஆச்சு. பேண்ட்டை வருஷத்துக்கு ஒரு இஞ்ச் நானே உள்ள பிடிச்சுத் தர்றேன். பிரிக்கத் தெரிஞ்சவளுக்குப் பிடிக்கத் தெரியாதா?

— சரி. வர்றேன். விடமாட்ட.

— அப்பாடா. எழுந்திருங்க. பூட்டு எங்க வச்சீங்க?

— அங்கதான் எங்கயாவது இருக்கும்.

— இந்தக் கீழ் டிராயர்லயா? இதென்னங்க, ஏழு போன் பிரிச்சபடி கிடக்கு. எல்லாத்துலயும் பார்ட் வரலைன்னு சீட்டு ஒட்டியிருக்கீங்க. எப்ப வருமாம்? வர்றவங்களுக்கு என்ன பதில் சொல்றீங்க?

— சிஸ்டர்கிட்ட நான் ஒண்ணும் இல்லன்னு சொன்னது பொய்டி. பார்ட் எல்லாம் போன மாசமே வந்துடுச்சு, எனக்குத்தான் ஸ்க்ரூ கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது.